பானெட்டைத் தொட்டுப் பார்க்காமல் வாங்கிய கார்

நான் முதன்முதலில் வாங்கிய பழைய கார் அநியாயத்துக்குச் சுத்தமாக இருந்தது. நான்கு கதவு செடான், ஏழு வருஷம் ஓடியது, மீட்டரில் 62,000 கி.மீ. பெயிண்டில் முகம் பார்க்கலாம். பானெட்டைத் தூக்கினால் இன்ஜின் மேல் பொட்டுத் தூசி கிடையாது. பிளாஸ்டிக் மூடிகளுக்குக்கூட பாலிஷ் போட்டிருந்தார்கள். சாவியைத் திருப்பியதும் பட்டென்று ஸ்டார்ட் ஆனது, சத்தமே இல்லை. "இப்பதான் சார் பெட்ரோல் போட்டுட்டு வந்து நிறுத்தினேன்" என்றார் விற்றவர். யோசித்துப் பார்த்தால், அவர் என்னிடம் சொன்ன ஒரே பயனுள்ள தகவல் அதுதான். எனக்குத்தான் அது காதில் ஏறவில்லை.

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது மாதம் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐந்தாறு விநாடி இன்ஜின் நடுங்க ஆரம்பித்தது. சைலன்சரில் வெள்ளைப் புகை கொஞ்சம் வரும், பிறகு எல்லாம் சரியாகிவிடும். குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்து இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், அதன் டப்பாவில் அளவு குறைந்தது. வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை, ஆனால் ஊற்ற ஊற்ற எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இருக்க, மேட்டில் ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்ற அளவுக்காவது புத்தி இருந்ததால் கை வேகாமல் தப்பித்தேன்.

மெக்கானிக் அண்ணன் ஒரு கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்தார். அதற்குள் நீல நிற திரவம். அதை ரேடியேட்டர் வாயில் வைத்து இன்ஜினை ஓடவிட்டார். கூலன்ட் பக்கத்திலிருந்து வரும் காற்று அந்தத் திரவத்தின் வழியாகக் குமிழி விட்டுப் போகும். அதில் எரிந்த புகை கலந்திருந்தால், புகையில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு பட்டு நீலம் மஞ்சளாகிவிடும். இரண்டு நிமிஷத்தில் மஞ்சளாகிவிட்டது. இன்ஜினின் தலைப்பகுதிக்கும் சிலிண்டர் பகுதிக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற தகடு, அதாவது ஹெட் கேஸ்கெட், போய்விட்டது.

"ராத்திரி முழுக்க நின்ன வண்டிய காலையில ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா தம்பி?"

"இல்லண்ணே. நான் போனப்பவே வண்டி சூடாத்தான் இருந்துச்சு."

"அப்ப அந்தச் சூட்டைத்தான் காசு குடுத்து வாங்கியிருக்கீங்க."

அவர் விளக்கியது இதுதான். கேஸ்கெட்டில் ஆரம்ப நிலைக் கசிவு இருந்தால், வண்டி ராத்திரி நிற்கும்போது கூலன்ட் துளித்துளியாக சிலிண்டருக்குள் இறங்கும். காலையில் முதல் சில விநாடி அந்த சிலிண்டர் சரியாக எரியாது, அதனால் நடுக்கம். உள்ளே இறங்கின தண்ணீர் ஆவியாகி வெளியே போவதுதான் வெள்ளைப் புகை. இன்ஜின் சூடானதும் உலோகம் விரிந்து கசிவு தற்காலிகமாக அடைபட்டுவிடும். ஆகவே சூடான இன்ஜினில் இந்த நோய் தெரியவே தெரியாது. வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின் தேய்ந்து வரும் கடகடப்பு, வால்வு சீல் தேய்ந்து வரும் நீலப் புகை, சாகப்போகிற பேட்டரி எல்லாமே அப்படித்தான். காலையில் முதல் பத்து விநாடியில் தெரிந்துவிட்டு, அப்புறம் ஒளிந்துகொள்ளும்.

அந்த வண்டியைச் சரிசெய்து, நடந்ததை மறைக்காமல் சொல்லி, நஷ்டத்துக்குத்தான் கொடுத்தேன். அடுத்த வண்டிக்கு நான்கு மாதம் தேடினேன். வீட்டில் பொறுமை இழந்துவிட்டார்கள். ஆனால் அந்தத் தேடலில்தான் ஒன்று புரிந்தது. முதல் வண்டியில் எனக்குப் பிடித்திருந்த விஷயங்கள் ஒவ்வொன்றும் ஒரு தடயத்தை அழித்த வேலை. இன்ஜினைக் கழுவினால் எண்ணெய்க் கசிவு எங்கிருந்து வருகிறது என்பது போய்விடும். சூடாக்கி வைத்தால் காலைக் கோளாறு போய்விடும். அன்றிலிருந்து எனக்குத் தூசி படிந்த இன்ஜின் மேல் தனி மரியாதை. தூசி மேல் எண்ணெய் கசிந்தால் அப்பட்டமாகக் கறை தெரியும். கறை இல்லாத தூசி நல்ல சான்றிதழ்.

போனில் பேசும்போதே "காலையில ஏழு மணிக்கு வர்றேன், நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுவேன். போனதும் பேச்சுக்கு முன்னால் உள்ளங்கையை பானெட்டின் மேல் வைப்பேன். ஒருவர் அவ்வளவு சொல்லியும் சூடாக்கித்தான் வைத்திருந்தார். "பேட்டரி வீக்கா இருக்குமோன்னு ஒரு தடவை போட்டுப் பார்த்தேன்" என்றார். பேட்டரி வீக் என்பதே ஒரு செய்திதானே. மறுநாள் வருகிறேன் என்று கிளம்பி, போகாமலே விட்டுவிட்டேன்.

குளிர்ந்த வண்டியில் சாவியை 'ஆன்' வரைக்கும் மட்டும் திருப்பி நிறுத்த வேண்டும். இன்ஜின் விளக்கு, ஆயில், ஏர்பேக், ஏபிஎஸ் எல்லா எச்சரிக்கை விளக்கும் அப்போது எரிய வேண்டும். எல்லாரும் அவை அணைகின்றனவா என்றுதான் பார்க்கிறார்கள். முதலில் எரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். நான் பார்த்த மூன்றாவது வண்டியில் ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை. விற்றவர் "பாருங்க, ஒரு வார்னிங் கூட இல்ல" என்றார். உண்மைதான், விளக்கைக் கழற்றிவிட்டால் வார்னிங் எப்படி வரும்? முன்னால் இடிபட்டு ஏர்பேக் வெடித்து, புதிதாகப் போடாமல் விட்ட வண்டியாக இருக்க அதிக வாய்ப்பு. இன்னும் சிலர் அந்த விளக்கின் ஒயரை வேறு விளக்கோடு இணைத்துவிடுவார்கள். இரண்டும் ஒன்றாகவே எரிந்து ஒன்றாகவே அணையும். ஏர்பேக் விளக்குக்குத் தன் சோதனையை முடிக்கச் சில விநாடி பிடிக்கும். அதனால் இன்னொரு விளக்கோடு ஜோடி சேர்ந்து அணைந்தால் சந்தேகப்பட வேண்டும்.

பிறகு ஸ்டார்ட். நண்பர் ஒருவரை சைலன்சர் பக்கம் நிற்க வைப்பது நல்லது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது. வெள்ளை கொஞ்சம் வந்து மறைந்தால் வெறும் நீராவி. மறையாமல் வந்துகொண்டே இருந்தால், இனிப்பான வாடையும் அடித்தால், கூலன்ட். முன்பக்கம் நீங்கள் கேட்க வேண்டியது சங்கிலியை டப்பாவில் போட்டுக் குலுக்கியது போல ஒரு ஓசை. அரை விநாடி வந்து போனால் சில இன்ஜின்களில் சகஜம். இரண்டு மூன்று விநாடி நீடித்தால் டைமிங் செயினோ அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ தேய்ந்திருக்கிறது. ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் மயோனைஸ் மாதிரி படிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். பார்க்கலாம்தான், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. குறைந்த தூரமே ஓடி முழுச் சூடு ஏறாத வண்டியிலும் ஈரம் சேர்ந்து அப்படி ஆகும்.

1996-க்குப் பிறகு வந்த அமெரிக்க வண்டிகள் எல்லாவற்றிலும், மற்ற இடங்களில் அதற்குப் பிறகு வெவ்வேறு ஆண்டுகளிலிருந்து வந்தவற்றிலும், ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் இருக்கும். காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறுகளை அதன் வழியாகப் படிக்கலாம். தீப்பெட்டி அளவு புளூடூத் ஸ்கேனர் வாங்கிக்கொண்டேன். அதில் பி 0420 என்ற குறியீடு வந்தால் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சோர்ந்துவிட்டது என்று அர்த்தம், பி 0300 வந்தால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பதெல்லாம் சீக்கிரம் பழகிவிடும். ஆனால் கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று காட்டினால் அதோடு சந்தோஷப்பட்டு மூடிவிடாதீர்கள். அதே ஆப்பில் 'ரெடினெஸ்' என்று ஒரு பக்கம் இருக்கும். காரின் கம்ப்யூட்டர் ஆக்ஸிஜன் சென்சார், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், பெட்ரோல் ஆவி அமைப்பு என ஒவ்வொன்றையும் ஓட்டத்தின்போது தானே சோதித்துக்கொண்டு 'முடிந்தது' என்று குறித்துக்கொள்ளும். யாராவது கோளாறுக் குறியீடுகளை அழித்தால் இந்தக் குறிப்புகளும் சேர்ந்து அழியும். மறுபடி நிரம்ப, பலவிதமாகச் சில நாள் ஓட்ட வேண்டும். ஆகவே பாதி சோதனைகள் 'முடியவில்லை' என்று நின்றால், நேற்றோ முந்தாநாளோ யாரோ துடைத்திருக்கிறார்கள், இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். நான் பார்த்த ஐந்தாவது வண்டியில் அப்படித்தான் இருந்தது. "பேட்டரி புதுசு போட்டேன் சார்" என்றார் அவர். பேட்டரி முனைகளில் வருஷக்கணக்கான பச்சை பூத்திருந்தது.

துடைக்க முடியாதவை சில உண்டு. டயர் அவற்றில் முதல். பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் வருஷமும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். 40,000 ஓடியதாகச் சொல்லும் வண்டியில் நான்கு டயரும் நான்கு வேறு கம்பெனி, வேறு வேறு வருஷம் என்றால், அது செலவுக்கு அஞ்சின வீட்டில் வளர்ந்த வண்டி. டயருக்கே கணக்குப் பார்த்தவர் கியர் ஆயிலை மாற்றியிருப்பாரா? தேய்மானமும் பேசும். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்டோ சஸ்பென்ஷனோ சரியில்லை. இரு விளிம்பும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவாக ஓட்டிய பழக்கம். பள்ளங்களுக்குள் இருக்கும் சின்ன மேடுகள் 1.6 மி.மீ. உயரம். டயர் அந்த அளவுக்குத் தேய்ந்து மேடு மட்டத்தைத் தொட்டுவிட்டால் அதற்கு ஆயுள் முடிந்தது.

அடுத்து கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டீயரிங்கின் மேல்பகுதி, டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும் ஓரம். மீட்டரைத் திருப்புகிறவர்கள் பெரும்பாலும் ரப்பரை மாற்ற மறந்துவிடுவார்கள். அல்லது ரப்பரை மட்டும் புதிதாகப் போடுவார்கள், அதுவும் காட்டிக்கொடுக்கும். பானெட்டுக்குள், முன்சக்கரத்துக்கு மேல் இருக்கும் தகடான ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட் தலைகளில் பெயிண்ட் பெயர்ந்திருந்தால் அதைக் கழற்றியிருக்கிறார்கள். பெயிண்ட் தடிமன் பார்க்கும் கருவி கிடைத்தால், கம்பெனி பெயிண்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான் காட்டும். 300 என்றால் மறுபடி அடித்தது. 1,000-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி. கதவில் பட்டி இருப்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. குடும்ப வண்டியில் கதவு இடிபடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கூரைத் தூண்களிலும் முன்பக்கச் சட்டத்திலும் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிக்க சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பாகத்தில் சேற்றுக் கோடு இருக்கும். காருக்குள் பலமான வாசனைத் திரவியம் அடித்திருந்தாலும் எனக்குச் சந்தேகம் வரும்.

கம்பெனி பெயரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். டொயோட்டா கரோலா 1966-லிருந்து வருகிறது, ஹோண்டா அக்கார்டு 1976-லிருந்து. இவற்றுக்கு உழைக்கும் வண்டி என்ற பெயர் சும்மா வரவில்லை. ஆனால் அந்தப் பெயர் ஆயிரக்கணக்கான வண்டிகளின் சராசரி. உங்கள் முன்னால் நிற்பது ஒரே ஒரு வண்டி. போதாக்குறைக்கு, பெயர் அப்படியே இருக்க தலைமுறைக்குத் தலைமுறை இன்ஜினும் கியர்பாக்ஸும் மாறிவிடும். அதனால் மாடல் பெயரை விட்டுவிட்டு, அந்த வருஷத்து இன்ஜின் குறியீடு எது, கியர்பாக்ஸ் மேனுவலா, பழைய மாதிரி ஆட்டோமேட்டிக்கா, படிப்படியான கியர் இல்லாத சிவிடியா, இரட்டை கிளட்சா என்று பார்த்து அதற்கு என்ன நோய் வழக்கம் என்று விசாரிப்பதுதான் பலன் தரும். டைமிங் செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட் என்றால் எப்போது மாற்றியது என்று பில் வேண்டும். மாற்றும் கெடு கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், தூரத்துக்கும் வருஷத்துக்கும் இரண்டு கணக்கு இருக்கும், எது முதலில் வருகிறதோ அது. பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், அதோடு இன்ஜின் கதை முடிந்தது.

கடைசியில் நான் வாங்கியது 1,44,000 கி.மீ. ஓடிய, பதினோரு வருஷ வண்டி. வீட்டில் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். முன்னதைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஓடியதை எவனாவது வாங்குவானா? ஆனால் அது பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடிய தூரம். இன்ஜின் தேய்வது அதிகமும் குளிர்ந்த நிலையில்தான். தினம் மூன்று கி.மீ. போய் நின்று, மறுபடி மூன்று கி.மீ. வரும் வண்டியின் ஆயில் முழுச் சூட்டையே பார்க்காது, கிளட்சும் பிரேக்கும் ஓயாது. டீசல் என்றால் புகைவடிகட்டியும் அடைத்துக்கொள்ளும்.

விற்றவர் ஓய்வுபெற்ற பெரியவர். இன்ஜின் மேல் தூசி. பம்பர் ஓரத்தில் கீறல். "அது என் பொண்ணு ஓட்டக் கத்துக்கிட்டப்ப ஆனது" என்றார், நான் கேட்காமலே. ஒரு கோப்பில் பில்கள், கூடவே ஒரு நீள நோட்டு. தேதி, கி.மீ., மாற்றிய பொருள் என்று பதினோரு வருஷமும் ஒரே கையெழுத்தில். ஆயில் 10,000-க்கு ஒரு தடவை, பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் ஓடாவிட்டாலும் மாற்ற வேண்டும். அதைக் காலாகாலத்தில் செய்கிறவர்கள் நான் பார்த்தவரை சொற்பம். சேஸிஸ் எண்ணின் 17 எழுத்துகளையும் முன்கண்ணாடிக்குக் கீழே இருப்பதோடும் காகிதத்தோடும் ஒப்பிட்டேன். அதில் ஐ, ஓ, க்யூ வரவே வராது, 1, 0 என்று குழம்பும் என்பதால். யாராவது அப்படி எழுதிக் கொடுத்தால் தப்பாக எழுதியிருக்கிறார்கள் அல்லது தப்பான வண்டி.

விலையில் மட்டும் பெரியவர் அசையவில்லை. முன்பென்றால் நானும் முறைத்துக்கொண்டு வந்திருப்பேன். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார்களை வைத்தே ஒரு விஷயத்தை விளக்கினார். 2001-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. வண்டியின் உண்மை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சராசரி விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்கமாட்டார், விலகிவிடுவார். மிஞ்சுவது ஓட்டைகள். பெரியவரின் நோட்டு அந்த அறியாமையைப் போக்குகிற பொருள், அதற்கு அவர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டதில் தப்பே இல்லை. கேட்டதைக் கொடுத்தேன்.

கொடுப்பதற்கு முன் ஓட்டிப் பார்த்தது நாற்பது நிமிஷம். ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கி. காலியிடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடித்தேன். 'டக் டக்' என்று கேட்டால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டு தேய்ந்தது. உயர்ந்த கியரில் குறைந்த வேகத்திலிருந்து ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். இன்ஜின் சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. (ஆட்டோமேட்டிக்காக இருந்திருந்தால் ரிவர்ஸ் போட்டு எவ்வளவு தாமதத்தில் பிடிக்கிறது, கியர் ஆயில் கருகிய வாடை அடிக்கிறதா என்று பார்த்திருப்பேன்.) நேர் சாலையில் பிரேக் பிடித்து ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்த்தேன். திரும்பி வந்து ஏசி போட்டபடியே பதினைந்து நிமிஷம் நிற்க வைத்தேன். ஃபேன் ஓடிற்று, நின்றது, முள் நடுவிலேயே இருந்தது. பிறகு மெக்கானிக் அண்ணன் லிஃப்டில் ஏற்றி அடியைப் பார்த்தார். சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர் புஷ்கள் மட்டும் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும் என்றார். விற்பவர் லிஃப்டுக்கு சம்மதிக்கவில்லை என்றால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். பெரியவரோ கூடவே வந்து, தானும் எட்டிப் பார்த்தார்.

இவ்வளவு பார்த்தும் ஒன்றைக் கோட்டைவிட்டேன். 60 கி.மீ. வேகத்துக்கு மேல் ஒரு ரீங்காரம். டயர் பழசு, அதன் சத்தம் என்று நினைத்து நான்கு மாதத்தில் நான்கு டயரையும் மாற்றினேன். ரீங்காரம் போகவில்லை. ஒருநாள் நீண்ட இடது வளைவில் அது கூடுவதையும் வலது வளைவில் அடங்குவதையும் கவனித்தேன். இடது பக்கம் திரும்பும்போது எடை முழுக்க வலது சக்கரத்தில் ஏறும், அப்படியானால் வலது வீல் பேரிங். வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். 1,18,000-ல் பெரியவர் கையெழுத்தில் "முன் இடது வீல் பேரிங்" என்று இருந்தது. வலதைப் பற்றி அதற்கு முன்னும் பின்னும் ஒரு வரி இல்லை. வாங்குவதற்கு முன் நோட்டில் இருப்பதை எல்லாம் படித்தேன், இல்லாததைத் தேடவில்லை.

மறுநாள் மாற்றினோம். பெரியவரின் கடைசி வரிக்குக் கீழே நான் எழுதிய முதல் வரி அதுதான்: முன் வலது வீல் பேரிங், 1,51,300.